ஒரு கையில் தசமபாகம், மறு கையில் மூன்று ரூபாய் வட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் 8,500 ரூபாய். கணவர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு வருவது 15,500. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார் கூடவே இருக்கிறார். வீடு சொந்த வீடு, வாடகை இல்லை.

கடன்கள் நான்கு. மூன்று வருடம் முன்பு மாமனாரின் ஆபரேஷனுக்காக ஆறு பவுனைத் தனியார் நிதி நிறுவனத்தில் 1,80,000 ரூபாய்க்கு வைத்தார்கள்: நாலு பவுன் சங்கிலி 1,20,000, இரண்டு பவுன் வளையல் 60,000, தனித்தனி ரசீது. வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மகளிர் குழுவில் 50,000 எடுத்தார். மாதம் 2,650, இன்னும் 11 தவணை. அதற்குப் பிறகு நாத்தனாருக்காகத் தன் பெயரில் இன்னொரு குழுக் கடன் 40,000; மாதம் 2,120, இன்னும் 15 தவணை. நாத்தனார் நான்கு மாதமாகத் தருவதில்லை. மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து இவரே கட்டுகிறார். கணவருக்கு இது தெரியாது. கடைசியாகத் தெருவில் ஒருவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கைமாற்று 60,000; அதில் 5,000 ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், கொடுத்தால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்கும் ‘விதை காணிக்கை’யாகப் போயிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான 2,400 ரூபாய் தசமபாகம் மாதா மாதம் தவறுவதில்லை. மாமியாரின் மாத்திரைதான் சில நாள் தவறுகிறது. “தசமபாகத்தை நிறுத்தினால் சாபம் வருமா? கடன் வாங்கினதே பாவமா? நகை மூழ்கிவிடுமா? போலீஸ் வருமா? கணக்குப் பார்ப்பதே விசுவாசக் குறைவு என்று கணவர் சொல்கிறார், சரியா?” என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நெய்வேலியில் இருக்கும் தம்பி அறுபதாயிரம் புரட்டித் தரத் தயாராம். வாங்கக் கூச்சமாக இருக்கிறதாம்.

அன்புச் சகோதரி,

நான்கு பக்கக் கடிதத்தில் எந்தக் கடன் எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வருபவர்களில் பலர் மொத்தக் கடன் எவ்வளவு என்றே சொல்லமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது என்பதைவிட, கூட்டிப் பார்க்கப் பயம். நீங்கள் அந்தப் பயத்தைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் கணவரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுவேதான் (லூக்கா 14:28). கணக்கு எழுதுவது விசுவாசத்துக்கு விரோதமில்லை.

கடன் வாங்கியது பாவமா என்று கேட்டீர்கள். நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை ஒரு முறை வாசியுங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கியவர்கள் அதில் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியாவுக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல் அல்ல, வட்டி வாங்கியவர்கள் மேல். அங்கே சொல்லப்படும் வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதக் கணக்கு என்றே பல விளக்கவுரையாளர்கள் சொல்வார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி. அதையே விட்டுவிடச் சொன்னார். நீங்கள் கட்டுவது அதைப்போல் மூன்று மடங்கு. ஆபரேஷனுக்கும் வெள்ளத்துக்கும் வாங்கிய கடனுக்காக உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனால் கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வது வெறும் உண்மை. அந்த அடிமைத்தனத்திலிருந்து வெளியே வரும் வழியைப் பார்ப்போம்.

காணிக்கையைப் பற்றி

இதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. பத்தில் ஒன்று இன்றும் கட்டளை என்பவர்கள், நீங்கள் பயப்படும் அந்தச் சாபத்தைப் பற்றிப் பேசும் மல்கியா மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். புதிய ஏற்பாட்டில் விசுவாசிகளுக்கு அப்படி ஒரு விகிதம் விதிக்கப்படவில்லை என்பவர்கள் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டுவார்கள்: அவனவன் மனதில் நியமித்தபடி, விசனமாயும் அல்ல கட்டாயமாயும் அல்ல (2 கொரிந்தியர் 9:7). நான் இரண்டாவது பக்கம் நிற்பவன், அதை மறைக்கவில்லை. உங்கள் பாஸ்டர் முதல் பக்கமாக இருக்கலாம். அவரோடு சண்டை போடச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 2,400 ரூபாய் கர்த்தருடையது, மீதி 21,600 நம்முடையது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. 24,000 முழுதும் அவருடையது, நாம் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர்கள். அப்படியானால் மாமியாரின் மாத்திரையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, காணிக்கையாயிற்று, என்று சொல்லிக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மாற்கு 7-ல் இருக்கிறது. உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. நீங்கள் பயத்தால் செய்தீர்கள், அவர்கள் தந்திரத்தால் செய்தார்கள். ஆனாலும் மாத்திரை முதலில், காணிக்கை பிறகு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விதை காணிக்கை பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறேன். வட்டிக்கு வாங்கிக் கொடுத்த அந்த 5,000-க்கு நீங்கள் இன்றும் மாதம் 150 கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அவன் கொடுப்பது அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்க (2 கொரிந்தியர் 8:12), கடன் வாங்கியாவது விதை என்று மேடையிலிருந்து யார் சொன்னாலும் அதற்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசை அப்போது எடுத்துக்காட்டுவார்கள். அவள் போட்டது தன்னுடையதை. அதற்கு இரண்டு வசனம் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்திருப்பதையும் (மாற்கு 12:40) சேர்த்தே வாசிக்க வேண்டும்.

நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. முதல் குழுக் கடன் முடியும்வரை, இந்த 11 மாதத்துக்கு, கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து ஜெபித்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஆயிரம். ஐந்நூறு என்று நீங்கள் முடிவு செய்தாலும் குற்ற உணர்வு வேண்டாம். அதன் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள். பாஸ்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: “ஐயா, எங்களுக்கு இத்தனை கடன் இருக்கிறது, தீரும்வரை இவ்வளவுதான் முடியும், எங்களுக்காக ஜெபியுங்கள்.” நல்ல மேய்ப்பர் என்றால் ஜெபிப்பார். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

கணவரிடம் முதலில்

நகையைத் தொடுவதற்கு முன்னால் இது நடக்க வேண்டும். நாத்தனாருக்காக எடுத்த கடன் ஒளிந்திருக்கும்வரை நீங்கள் இரண்டு பேரும் போடும் எந்தக் கணக்கும் 2,120 ரூபாய் உதைக்கும். அவர் கை நீட்டுபவர் இல்லை, கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் நேரடியாகச் சொல்லுங்கள் என்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில் வேண்டாம், மாமியார் முன்னால் வேண்டாம். வார விடுமுறையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், எனக்கு எழுதிய அதே பக்கங்களை அவர் கையில் கொடுங்கள். “உங்க தங்கச்சி ஏமாத்திட்டா” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். “உங்ககிட்ட கேக்காம நான் கையெழுத்து போட்டேன், அது தப்பு” என்று ஆரம்பியுங்கள். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். “என் பேர்லதான் இருக்கு, ஆனா அது என் கடன் இல்ல” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அது உங்கள் கடன்தான். கையெழுத்து உங்களுடையது, ஆதார் உங்களுடையது, கட்டாவிட்டால் கெடப்போகும் சிபில் மதிப்பெண்ணும், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்ணும், உங்களுடையது. நீங்கள் நிறுத்தினால் குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் தலையில் விழும். அவர்களில் இரண்டு பேர் உங்கள் சபைப் பெண்கள். அதனால் தவணையை நிறுத்தாதீர்கள். நாத்தனாரிடம் போய்ப் பேச வேண்டியது உங்கள் கணவர், அதுவும் தனியாக (மத்தேயு 18:15 சொல்லும் முறையும் அதுதான்). முழுத் தவணை முடியாது என்றால் மாதம் ஆயிரமாவது தரட்டும். இதுவரை எவ்வளவு கொடுத்தார், இனி எவ்வளவு தரவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உறவுக்குள் என்ன எழுத்து என்று அவர் கேட்பார். எழுத்து இல்லாததால்தான் உறவு இந்த நிலைக்கு வந்திருக்கிறது.

வளையலும் சங்கிலியும்

வருடா வருடம் வட்டி கட்டி நகையை ‘மாற்றி வைப்பதை’க் கடன் அடைப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1,80,000-க்கு 18 சதவீதம் வருடத்துக்கு 32,400. மூன்று வருடத்தில் 97,200 ரூபாய் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தங்க விலை ஏறியிருப்பதால் அதே ஆறு பவுனைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து 2,40,000 வாங்கி, பழைய அடகையும் கைமாற்றையும் அடைப்பது. வட்டி வெகுவாகக் குறையும், ஆறு பவுனும் இருக்கும். ஆனால் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாது. இரண்டு, வளையலை விற்பது.

நான் வளையலை விற்கச் சொல்வேன். அம்மா போட்டது, மகள் கல்யாணத்துக்கு என்று வைத்தது, நகையை விற்றால் குடும்பம் விளங்காது என்று மாமியார் சொல்கிறார். எல்லாம் வாசித்தேன். கடன்காரன் பிள்ளைகளை அடிமைகொள்ள வந்து நின்றபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு விதவையிடம் கேட்டது, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்று. அவளிடம் இருந்த கொஞ்சம் எண்ணெய் பெருகியது அற்புதம்தான். அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கவனியுங்கள்: போய் எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் (2 இராஜாக்கள் 4:7). விற்பது அவமானம் என்று அவர் நினைக்கவில்லை. வளையல் இப்போதும் உங்கள் மகளிடம் இல்லை, நிதி நிறுவனத்தின் லாக்கரில்தான் இருக்கிறது.

இதற்குத்தான் தம்பியின் உதவி. கூச்சப்படாதீர்கள், ஒரு வாரத்துக்குக் கேட்கிறீர்கள். அந்த 60,000-ஐ வைத்து வளையலை மீட்டு, இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, எடை போடும்போது பக்கத்தில் நின்று பார்த்து, ரசீதோடு விற்றுவிடுங்கள். அடகில் இருக்கும் நகையை நாங்களே மீட்டுக்கொள்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகவேண்டாம், விலையில் பிடித்துவிடுவார்கள். இப்போதிருக்கும் விலைக்கு 16 கிராம் 1,20,000-க்குக் குறையாது. தம்பிக்கு 60,000 திரும்பப் போய்விடும், மீதியில் கைமாற்று தீர்ந்துவிடும். அதற்கு மேல் வருவதை மழைக்காலச் செலவுக்கென்று எடுத்து வையுங்கள்.

கைமாற்றுக்காரரிடம் போகும்போது கணவரையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோ நோட்டும் வெற்றுச் செக்கும் கைக்கு வந்த பிறகுதான் பணம் அவர் கைக்குப் போகவேண்டும். “வீட்ல எங்கயோ இருக்கு, அப்புறம் தரேன்” என்றால், “தேடி வைங்கண்ணே, நாளைக்கு வர்றோம்” என்று எழுந்து வந்துவிடுங்கள். தீர்ந்தது என்று அவர் கையெழுத்தில் ஒரு வரியும் வேண்டும்.

சங்கிலியை, நீங்கள் சம்பளம் வாங்கும் வங்கியில் அடகை மாற்றிக்கொள்வார்களா என்று கேளுங்கள். சில கிளைகளில் செய்கிறார்கள். வட்டி 9.5 சதவீதமாக அமைந்தால் மாதம் 1,800 என்பது 950 ஆகும். வளையலின் வட்டி 900, கைமாற்றின் வட்டி 1,800 இரண்டும் நின்றுவிடும். மொத்தத்தில், இப்போது கடனுக்குப் போகும் 9,270 ரூபாய் 5,720 ஆகும். மிச்சமாகும் 3,550-ல் 1,500-ஐ மாதா மாதம் சங்கிலியின் அசலில் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டும் பழக்கம் இனி வேண்டாம். நகை மூழ்கும் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: முன்னறிவிப்பு கொடுக்காமல் ஏலம் விட முடியாது, ஏலத்தில் கடன் போக மிஞ்சும் பணம் உங்களுக்குச் சேரவேண்டியது. 2026 ஏப்ரல் முதலான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கடனை முழுதும் அடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தரவேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு.

வசூலுக்கு வருபவர்கள்

கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமில்லை, அதற்காகப் போலீஸ் பிடித்துப் போகாது. ஆனால் வெற்றுச் செக் வேறு விஷயம். அதை நிரப்பி வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரும். இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்கு இடமுள்ள வழக்கு. செக்கைத் திரும்ப வாங்குவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

குழுக் கடன் வசூலுக்கு வருபவர் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கச் சத்தம் போட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அது விதிமீறல். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, குழுக் கடன் போன்ற நுண்கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைத்துத் தொந்தரவு செய்யக்கூடாது. வசூல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில் நடக்கவேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். மிரட்டலும் அவமானப்படுத்துவதும் எப்போதும் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. முதலில் குழுக் கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம், விவரம் கேட்க 14448. கைமாற்றுக்காரர் டிவியைத் தூக்கிப் போவேன் என்றாரே, அதற்கு 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

இன்னும் சில காரியங்கள். கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 21,000-க்குள் சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கவேண்டும். இருந்தால் அவரைச் சார்ந்திருக்கும் அம்மாவின் பெயரையும் அதில் சேர்க்கலாம், மாத்திரை அங்கேயே கிடைக்கும். அது நடக்கும்வரை சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். ரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு ஆயுள் காப்பீடு இல்லாமல் இருக்கக்கூடாது. வங்கிக் கணக்கு வழியாக வருடம் 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களில் கிடைக்கின்றன. இந்த வாரமே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

2011-ல் தானே, 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல். கடலூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மழை எதிர்பாராத செலவு இல்லை. மாதம் ஆயிரம் தனிக் கணக்கில் போட்டு, ஐப்பசி பிறக்கும் முன் கையில் ஒரு தொகை நிற்கும்படி பாருங்கள். போன முறை அந்தத் தொகை இருந்திருந்தால் குழுவில் 50,000 எடுத்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் துணிக்கும் இதே போல் தனியாக, சிறிதாக. நாத்தனார் தருகிற பணம் எதிலும் சேராமல் நேராக அவர் கடனுக்கே போகட்டும். இன்னொரு குழுவில் சேரச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். அடுத்த ஜூனில் ஆறாம் வகுப்பு. தனியார் பள்ளிக்கு வருடம் 18,000 கட்டுகிறீர்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பின்னர் விரிவாக்கினார்கள். பழைய மிஷன் பள்ளிகள் உங்கள் ஊரில் இருக்கின்றன. மாற்றித்தான் ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஆசிரியை, எந்தப் பள்ளியில் சொல்லித்தருகிறார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மகனை இப்போது மாற்ற வேண்டாம், பத்தாம் வகுப்பை அங்கேயே முடிக்கட்டும். மகள் விஷயத்தில் மார்ச் மாதத்துக்குள் ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவு எடுக்கும்போது அவள் அப்பாவும் கூட இருக்கட்டும்.